கோவலன் திருடியிருந்தால்?

‘ஜெய் பீம்’ பார்த்துவிட்டு அழுத அதே கூட்டம்தான் ‘சாமி’க்கும் ‘சிங்க’த்துக்கும் விசிலடிக்கிறது என்று அலுத்துக்கொள்வது நம் சினிமாப் பேச்சில் ஒரு வழக்கமாகிவிட்டது. இரட்டை வேடம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழுததும் விசிலடித்ததும் ஒரே மனம்தான், ஒரே காரணத்துக்காகத்தான். அடிபடுகிறவன் நல்லவனா கெட்டவனா என்று அந்த மனம் கேட்கிறது. நல்லவன் என்றால் கண்ணீர், கெட்டவன் என்றால் விசில். அடிக்கிற கைக்கு அந்த உரிமை உண்டா, உண்டென்றால் எதுவரை என்பதை அது கேட்பதே இல்லை.

‘ஜெய் பீம்’ (2021) மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் புரியவைத்த படம் அது. 1993இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு லாக்கப் மரணமும், அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய வழக்கும்தான் அதன் அடிப்படை. ஆனாலும் படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ராஜாகண்ணு திருடவில்லை. அது நமக்குத் தெரியும். அவன் மேல் விழும் ஒவ்வொரு அடியும் ‘ஐயோ, செய்யாத தப்புக்கா’ என்றுதான் நம்மைச் சுடுகிறது. செய்த தப்புக்கு என்றால்?

அதே இயக்குநர் த. செ. ஞானவேல் அடுத்து எடுத்த ‘வேட்டையன்’ (2024) இந்தக் கேள்வியின் பக்கத்தில் வந்து நின்றது. ரஜினி அதில் என்கவுன்டருக்குப் பேர்போன அதிகாரி. அமிதாப் பச்சன் என்கவுன்டர் கூடாது என்று சொல்லும் நீதிபதி. இரண்டு பெரிய நடிகர்களை எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு, விவாதத்தை முடித்துவைக்கப் படம் எதைத் தேடிப் போகிறது? சுடப்பட்ட பையன் நிரபராதி என்ற தகவலை. அந்தத் தகவல் கிடைத்ததும் அதிகாரிக்கு மனசாட்சி உறுத்துகிறது, நமக்கும் உறுத்துகிறது. அவன் உண்மையிலேயே அந்த ஆசிரியையைக் கொன்றவனாக இருந்து, ரஜினி சுட்டிருந்தால் படம் இடைவேளையிலேயே முடிந்திருக்கும். நீதிபதிக்குப் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது.

போலீஸ் நாயகப் படங்களில் நாம் கவனிக்காமல் விடுவது கேமராவை. வில்லன் கொலை செய்யும்போது கேமரா அங்கே இருக்கிறது, நாமும் இருக்கிறோம். கண்ணால் பார்த்த சாட்சியாக நம்மை ஆக்கிவிட்டுத்தான் போலீஸ்காரர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு நீதிமன்றம், சாட்சி, ஜாமீன் எல்லாம் நமக்கு வெட்டி வேலையாகத் தெரிகின்றன. மனித உரிமை ஆணையத்தில் இருந்து வருகிறவர் இந்தப் படங்களில் பெரும்பாலும் கேலிப்பொருளாகவே இருப்பது ஏன் என்றால், அந்த ஒருவருக்கு மட்டும்தான் கேமரா காட்டியது தெரியாது. நிஜத்தில் யாருக்குமே தெரியாது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே நான்கு பேரை போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த விசாரணைக் குழு 2022இல் அந்த என்கவுன்டர் கதையை நம்ப முடியாது என்றும், சுடப்பட்டவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. தூவிய பூவைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

இது சினிமாவோடு வந்த பழக்கமும் அல்ல. நம்முடைய முதல் காப்பியத்திலேயே இருக்கிறது.

சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் வழக்குரை காதை நினைவிருக்கும். கலைந்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு. ஆனால் அதற்கு முன்னால் வரும் கொலைக்களக் காதையைச் சற்று நிதானமாக வாசியுங்கள். ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானப்படுத்த பாண்டியன் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் வந்து, சிலம்பு திருடியவன் என் வீட்டில் இருக்கிறான் என்கிறான். அரசன் நிற்கவில்லை. யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஊர்க்காவலரிடம், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டு அதைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். நடந்துகொண்டே கொடுக்கப்பட்ட மரண தண்டனை அது.

அதற்கடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொலைப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் ஒரு பாடம் நடத்துகிறான். மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று திருடர்களுக்கு எட்டு துணைகள் உண்டாம். திருடனைப் போலத் தெரியாமல் இருப்பதே திருடனின் வித்தையாம். எவ்வளவு பழகிய வாதம்! திருடனைப் போல இருந்தால் திருடன், இல்லாவிட்டால் கைதேர்ந்த திருடன். பிறகு ஓர் இளைஞன், மழை இரவொன்றில் தான் எதிர்கொண்ட திருடனைப் பற்றிக் கதை சொல்கிறான். அந்தக் கதைக்கும் கோவலனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தின் நடுவில், குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கட்டளையிட்டவன் அரசன்தான். ஆனால் வெட்டு விழுந்த நேரத்தைத் தீர்மானித்தது ஒரு குடிகாரனின் அவசரம். அதிகாரத்துக்கு எல்லை போடாவிட்டால் அது கடைசியில் யார் கையில் போய்ச் சேரும் என்பதை இளங்கோ இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார்.

இப்போது வழக்குரை காதைக்கு வாருங்கள். கண்ணகியிடம் பாண்டியன் தன் பக்க நியாயத்தைச் சொல்கிறான்: கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது, அது அரச முறைதான். கண்ணகி இதை மறுக்கவே இல்லை! நல்ல வழி செல்லாத வேந்தே என்ற பொருளில் ஒரு விளி மட்டும் வருகிறது. அடுத்த நொடியே அவள் பேச்சு சிலம்புக்குள் இருக்கும் பரலுக்குப் போய்விடுகிறது. என் சிலம்பில் இருப்பது மாணிக்கம். தன்னுடையதில் முத்து என்கிறான் பாண்டியன். அவள் சிலம்பை உடைக்கிறாள். வழக்கு அங்கேயே முடிகிறது.

கோவலன் திருடியிருந்தால்? உடைத்த சிலம்பில் முத்து தெறித்திருந்தால்? அரசன் நடந்துகொண்டே தண்டனை சொன்னது, காவலர் தயக்கத்தைத் திருடனே பேசிக் கலைத்தது, குடிகாரன் வாளெடுத்தது எல்லாம் அப்படியே இருந்திருக்கும். ஆனால் மதுரை எரிந்திருக்காது. அன்றைய காப்பியத்திடம் இன்றைய அரசியல் சட்டத்தை எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்வீர்கள். எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதை நாம் இன்றைக்கும் மேடைமேடையாக நீதியின் காப்பியம் என்று பேசுகிறோம். அப்படிப் பேசும்போது நாம் எடுத்துக்கொள்வது மாணிக்கப் பரலை மட்டும். கொலைக்களக் காதையை யாரும் மேடையேற்றுவதில்லை. இன்னொன்றும் உண்டு. சிலம்பை உண்மையில் திருடியது அந்தப் பொற்கொல்லன்தான். விசாரணை நடக்காமல் போனதில் லாபம் அடைந்த ஒரே ஆள் அவன்.

இங்கிருந்து வெற்றிமாறனின் ‘விசாரணை’க்கு வருகிறேன். கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், குண்டூரில் தான் லாக்கப்பில் கிடந்த நாட்களை வைத்து எழுதிய ‘லாக்கப்’ நாவல்தான் படத்தின் முதல் பாதி. வெனிஸ் விழாவில் 2015இல் திரையிடப்பட்டு, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்ற படம். எல்லாரும் முதல் பாதியைத்தான் பேசுவார்கள். வேலைக்குப் போன இடத்தில் பூங்காவில் படுத்துத் தூங்கிய தமிழ்ப் பையன்கள், செய்யாத திருட்டு, ஒப்புக்கொள்ளச் சொல்லி அடி. இரண்டாம் பாதி அரசியல் மசாலா ஆகிவிட்டது, ஓட்டம் குறைந்துவிட்டது என்பது நான் அடிக்கடி கேட்ட குறை.

எனக்கு இரண்டாம் பாதிதான் படம். அதில் கேகே என்ற ஆடிட்டர் வருகிறார். கிஷோர் நடித்திருக்கிறார். இவர் பாண்டியைப் போல அப்பாவி அல்ல. அரசியல்வாதிகளின் கறுப்புப் பணத்தைக் கையாண்டவர், பணமும் திமிரும் உள்ளவர். அவரும் அதே போலீஸிடம் மாட்டுகிறார், அவரையும் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறார்கள், செத்துப்போகிறார். பிறகு அதைத் தற்கொலையாக ஜோடிக்கிறார்கள். முதல் பாதியில் கண் கலங்கியவர்கள் கேகே சாகும்போது கலங்குவதில்லை. என்னோடு படம் பார்த்த நண்பன் ‘இவனுக்கு வேணும்’ என்றுகூடச் சொன்னான். ஆனால் கேகே செத்ததால் என்ன ஆயிற்று? அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய பெயர்கள் எதுவும் வெளியே வரவில்லை. பெரிய இடத்துக் குற்றவாளிகள் அத்தனை பேரும் தப்பித்தார்கள். தற்செயலாக விஷயம் தெரிந்துவிட்ட அப்பாவிப் பையன்களும் அடுத்து சுடப்படுகிறார்கள். குற்றவாளியின் உடம்பில் கை வைக்க அனுமதித்த இடத்திலிருந்துதான் நிரபராதியின் சாவு தொடங்குகிறது. தமிழில் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு படம் எனக்குத் தெரியாது. கேகேயின் வலியைக் கொஞ்சம் வேகமாகக் கடந்து போய்விட்டார் என்பது மட்டும்தான் வெற்றிமாறன் மேல் எனக்குள்ள வருத்தம். பாண்டியின் முதுகுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியாவது அந்த உடம்புக்குக் கொடுத்திருக்கலாம்.

இதையெல்லாம் மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன் என்பது இங்கே இருப்பவர்களுக்குப் புரியும்.

2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் குகன் இறந்தார். கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர். நுரையீரலில் நீர் கோத்தது என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடாமல் போராடி நடத்திய இரண்டாவது பரிசோதனை, அடியால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைச் சொன்னது. 2013இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நடந்த காலத்தில் நம் ஆட்களின் பேச்சில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ‘பாவம், அந்தப் பையன் ஒண்ணும் பண்ணல’. அதற்கு எதிர்ப்பேச்சு ‘கார் திருடன்தானே’. இரண்டு கட்சிக்கும் கார்தான் முக்கியம். நீதிமன்றத்தின் முன்னால் இருந்த கேள்வியில் கார் இல்லை. பிடித்த ஆளை உயிரோடு வைத்திருக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதுதான் அங்கே கேள்வி.

நம் சமூகத்தின் கோபத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரை இசா சட்டத்தில் பிடித்தபோது கொதித்தோம். இசா 2012இல் போய் சொஸ்மா வந்தது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைச் சொஸ்மாவில் பிடித்தபோது மறுபடி கொதித்தோம். ‘அவங்க தீவிரவாதி இல்ல’ என்பதே அப்போதைய முழக்கம். அடுத்த பிப்ரவரியில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன, நாமும் வீட்டுக்குப் போய்விட்டோம். சட்டம் அங்கேயே இருந்தது. அதே சொஸ்மாவில் குண்டர் கும்பல் வழக்குகளில் உள்ளே போகிற பையன்களுக்காக அவர்களுடைய அம்மாக்களைத் தவிர வேறு யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1969 கலவரத்தையொட்டி வந்த அவசரகாலச் சட்டம், வழக்கே இல்லாமல் இரண்டு ஆண்டு அடைத்துவைக்க அனுமதித்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்து 2011இல்தான் நீக்கப்பட்டது. சீக்கிரமே 1959ஆம் ஆண்டின் பொக்கா சட்டத்தைத் திருத்தி, அதே இரண்டு ஆண்டுத் தடுப்புக்காவலைக் கொண்டுவந்தார்கள். இந்த முறை ஒரு வாரியம் முடிவு செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம். நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்? ‘நல்லவன் ஏன் பொக்காவுல போறான்’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டோம்.

இத்தனைக்கும் கூட்டரசு அரசியல் சட்டத்தின் 5ஆவது பிரிவு, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மெஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது. அதில் நல்லவன், கெட்டவன் என்ற பாகுபாடு இல்லை. 149ஆவது பிரிவு அதற்கு ஒரு கொல்லைப்புறக் கதவு வைத்திருக்கிறது, அது வேறு கதை. கதவு தேவைப்படாத நேரத்தில் ரிமாண்ட் முடிந்தவனை வாசலிலேயே மறுபடி பிடித்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகும் பழக்கமும் இருக்கிறது.

எதிர்க்கருத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பூச்சோங்கில் கடை வைத்திருக்கும் என் மாமா ஒருவர் மாதாமாதம் கும்பலுக்குப் பணம் கட்டியவர். 2013 ஆகஸ்டில் பினாங்கில் கும்பல் உறுப்பினர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது அவர் சந்தோஷப்பட்டார். ‘சந்தேகிக்கப்பட்ட’ என்ற சொல் அவர் கடைக்கு வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிட்டிருந்தது. நான் எதிர்த்துப் பேசியபோது, “உனக்கென்னப்பா, நீ எழுதிட்டுப் போயிடுவ. ராத்திரி கடைய நான்தான சாத்தணும்?” என்றார். அவர் கோபம் நியாயமானது. கும்பலால் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள்தான், மனித உரிமை பேசுகிற நாங்கள் அதை முணுமுணுத்துவிட்டுத் தாண்டிவிடுகிறோம். ஆனால் மாமாவிடம் ஏன் போலீஸில் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலையும் எழுத வேண்டும். “சொன்னா, யார் சொன்னதுன்னு அவனுங்க காதுக்குப் போயிடும்.” புகாரை ரகசியமாக வைத்துக்கொள்ளும் என்றுகூட அவர் நம்பாத ஒரு காவல் நிலையத்துக்கு, கேள்வி கேட்காமல் சுடும் உரிமையைக் கொடுக்க அவருக்குத் தயக்கம் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது புகாரை எழுதிக்கொண்டு, வழக்கை நடத்தி, சாட்சியைக் காப்பாற்றும் போலீஸ். அது கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டதால் துப்பாக்கிக்குக் கைதட்டினார்.

போலீஸ் மீதான புகாரை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்று 2005லேயே அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது. 2023இல் நடைமுறைக்கு வந்தது அதன் மெலிந்த தம்பி. பரிந்துரையில் இருந்த தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. விசாரித்துச் சிபாரிசு செய்யலாம். என் மாமாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இலக்கியவாதிகளான நாம் ரொம்பத் தெளிவு என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. 2020 டிசம்பரில் ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை உள்துறை அமைச்சு 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்தைக் கொண்டு தடை செய்தது. என் நண்பர்கள் வட்டத்தில் நாவலுக்காக வாதாடியவர்களில் பலர், அதில் ஆபாசம் இல்லை என்று நிரூபிப்பதில்தான் மும்முரமாக இருந்தார்கள். அந்த வசை தோட்டத்து மக்களின் பேச்சுமொழி, அந்தக் காட்சிக்குக் கதையில் தேவை இருக்கிறது என்றெல்லாம். எல்லாம் சரியே. ஆனால் அதுவும் மாணிக்கப் பரல் வாதம்தான். ஒரு நாவல் ஆபாசமாகவே இருக்கட்டும். மோசமான நாவலாகவே இருக்கட்டும். அதை நான் படிக்கலாமா கூடாதா என்று முடிவுசெய்ய அமைச்சருக்கு எந்த அளவு உரிமை இருக்க வேண்டும்? அந்தப் பேச்சு எங்களிடம் அப்போது பெரிதாக நடக்கவில்லை. நல்ல நாவலாகப் போய்விட்டதால் பிழைத்தோம். நாளைக்கு ஒரு கேவலமான நாவலைத் தடை செய்தால் எதைச் சொல்லி வாதாடுவோம்?

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் போலீஸ் வரும் கதைகளை எடுத்துப் பார்த்தால், நான் வாசித்தவரை, அடிபடுகிறவன் அநேகமாக அப்பாவி. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவன், கூட்டாளியால் மாட்டிக்கொண்டவன், அடையாள அட்டை இல்லாதவன். அந்தக் கதைகள் தேவைதான். ஆனால் அவற்றை எழுதுவது சுலபம், வாசிப்பது அதைவிடச் சுலபம். வாசகன் எந்தப் பக்கம் நிற்பது என்று ஒரு நொடிகூடத் தடுமாற வேண்டியதில்லை.

நான் வாசிக்க ஆசைப்படும் கதையில் அவன் காரைத் திருடியிருக்க வேண்டும். போன மாதம் ஒரு கிழவியின் சங்கிலியையும் அறுத்திருக்க வேண்டும், அவள் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்க வேண்டும். லாக்கப்பில் மூன்றாவது நாள் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. வெளியே பெஞ்சில் அவன் அம்மா சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கிழவி அதே தாமானில் இருப்பவள்தான், அம்மாவுக்குத் தெரிந்தவள். மகன் செய்தது அவளுக்குத் தெரியும். இருந்தும் உள்ளே இருக்கும் சார்ஜனிடம் போய், அவனைப் பார்க்க வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவள் கேட்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பாள்? ‘என் பிள்ளை ஒண்ணும் பண்ணல சார்’ என்று அவளால் சொல்ல முடியாது.